வார்னிங் என்றதும் காலேஜை விட்டு ஓடாதீர்கள்

போன வாரம் ஓர் அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பையன் பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான காலேஜ்) எடுத்திருந்த நான்கு பாடங்களில் மூன்றை செமஸ்டர் நடுவில் விட்டுவிட்டான். வாட்ஸ்அப் குழுவில் யாரோ "அந்தக் காலேஜுக்கு அங்கீகாரம் போச்சு" என்று போட்டார்களாம். அங்கீகாரம் கொடுக்கும் ஆணையத்தின் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் போகவில்லை, வார்னிங் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். பையனின் டிரான்ஸ்கிரிப்டில்தான் மூன்று 'டபிள்யூ', அதாவது பாடத்தை நடுவில் விட்டான் என்ற குறி, ஏறிவிட்டது. கலிபோர்னியாவில் கவுன்சலராக இருக்கும் எனக்கு இந்த வருடம் இது நான்காவது கேஸ். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

ஊரில் "அங்கீகாரம் ரத்து" என்று கேட்டுப் பழகிய காதுக்கு எல்லாமே அரசு உத்தரவாகத்தான் கேட்கும். இங்கே அப்படி இல்லை. அமெரிக்கக் கல்வித் துறை எந்தக் காலேஜுக்கும் நேரடியாக அங்கீகாரம் கொடுப்பதில்லை. கொடுக்கும் ஆணையங்கள் சரியானவையா என்றுதான் பார்க்கிறது. எங்கள் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அந்த ஆணையம் ஏ.சி.சி.ஜே.சி. காலேஜ் தன்னைத் தானே ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். பிறகு வேறு காலேஜ்களின் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் குழுவாக வந்து சரிபார்ப்பார்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை முழுச் சுற்று. இடையில் ஆண்டறிக்கை, நடுக்கால அறிக்கை.

நானும் அப்படி ஒரு குழுவில் போயிருக்கிறேன். சுவருக்குப் புதுப் பெயின்டா என்று யாரும் பார்க்கவில்லை. பட்ஜெட், தணிக்கை, கூட்டக் குறிப்பு என்று தோண்டினோம். "மாணவர்கள் கற்றதை அளந்தீர்கள், சரி, அப்புறம் என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டபோதுதான் எதிரே இருந்தவர்கள் திணறினார்கள்.

குறை இருந்தால் வார்னிங், அது முற்றினால் புரொபேஷன் என்ற கடுமையான கண்காணிப்பு நிலை, அதற்கும் மேல் ஷோ காஸ், அதாவது அங்கீகாரத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் காட்டச் சொல்வது. நன்றாகக் கேளுங்கள்: இந்த மூன்று நிலையிலும் காலேஜ் அங்கீகாரம் உள்ள காலேஜ்தான். பாடம் முடித்து நீங்கள் வாங்கிய கிரெடிட் செல்லுபடியான கிரெடிட்தான். மத்திய அரசின் கல்வி உதவியும் நிற்காது. வார்னிங் என்பது கெடு வைத்துத் திருத்தச் சொல்லும் கடிதம்.

சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் கதையைப் பாருங்கள். 2012-ல் ஷோ காஸ். 2013-ல், அடுத்த ஜூலையோடு அங்கீகாரம் முடியும் என்றே ஆணையம் அறிவித்தது. வழக்கு, தடையுத்தரவு என்று இழுத்து, 2017 ஜனவரியில் ஏழு வருடத்துக்கு முழு அங்கீகாரம் உறுதியானது. நடுவில் ஒரு நாள்கூட அங்கீகாரம் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அதற்குள் மாணவர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்துவிட்டது. காம்ப்டன் என்ற இன்னொரு கம்யூனிட்டி காலேஜுக்கு 2006-ல் அங்கீகாரம் உண்மையிலேயே போனது. அப்போதும் எல் கமினோ காலேஜ் பொறுப்பேற்று, அதே வளாகத்தில் தன் அங்கீகாரத்தின் கீழ் வகுப்புகளை நடத்தியது. 2017-ல் காம்ப்டன் மீண்டும் சொந்த அங்கீகாரம் பெற்றது.

சரி, செய்ய வேண்டியது. செய்தி வந்தால் ஆணையத்தின் தளத்தில் அந்தக் காலேஜ் பெயரைத் தேடி, நடவடிக்கைக் கடிதத்தைப் படியுங்கள். ஃபார்வர்டைப் படிக்காதீர்கள். ஷோ காஸ் என்றால் கவுன்சலரிடம் வந்து மாற்றுத் திட்டம் போடுங்கள். அப்போதும் செமஸ்டரை முடித்துவிட்டே கிளம்புங்கள். நர்சிங் படிப்பென்றால் காலேஜ் அங்கீகாரம் மட்டும் போதாது, மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதலையும் பார்க்க வேண்டும். இதை யாரும் கேட்பதே இல்லை! எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பது அங்கீகாரத்தோடு முடிகிற விஷயமும் இல்லை, யு.சி., கால் ஸ்டேட் என்ற கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள், எந்தப் பாடம் அங்கே செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் பாடம் பாடமாகப் பாருங்கள்.

அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு பாடம் மிச்சம் இருக்கிறது, கால்குலஸ். அதையும் விடச் சொல்லத்தான் அம்மா வந்திருந்தார். "அக்கா, தயவுசெய்து அதை மட்டுமாவது விட்டுவையுங்கள்" என்றேன்.