‘சரி’ சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது

ஆசிரியர் கேட்கிறார், மாணவர் பதில் சொல்கிறார், ஆசிரியர் ‘சரி’ என்கிறார். வகுப்பறைப் பேச்சில் அடிக்கடி காணும் இந்த மூன்றடி அமைப்பை 1975-இல் மொழியியலாளர்கள் சின்க்ளேரும் கூல்ட்ஹார்டும் விவரித்தார்கள். படித்தது நினைவிருக்கிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் அறிவியல் வகுப்புக்கு மாணவர்கள் ஏற்கெனவே ஒரு விளக்கத்தோடுதான் வருகிறார்கள். அதை வெளியே இழுக்க இது உதவாது.

ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை மின்கலத்தோடு தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சுற்றில்) இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? ‘முதல் பல்பு’ என்பார்கள் பலர். மின்னோட்டம் அதில் கொஞ்சம் செலவாகி, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறதாம். ‘தவறு, இரண்டும் சமம்’ என்று சொல்லிவிட்டால் விடை நோட்டில் ஏறும், பழைய எண்ணம் அசையாது. ‘அப்படியானால் மின்கலத்தைத் திருப்பிப் போட்டால் எது மங்கும்?’ என்று கேட்டால், தம் விளக்கம் எதுவரை தாங்கும் என்பதை மாணவரே சோதிக்க வேண்டிவரும்.

செய்து காட்டுமுன் ஊகத்தை எழுதி வாங்குவது அவசியம். இல்லையென்றால் பல்பு எரிந்தபின் எல்லாரும் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்பார்கள். இன்னொரு சிக்கல்: பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று சற்று மங்கினாலும் தவறான விளக்கத்துக்குச் சான்று கிடைத்துவிடும். இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் அந்தப் பல்போடு போகும்.

அடுத்தது மௌனம். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை 3 நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, காரணங்கள் வருகின்றன, மாணவர்களே கேள்வி கேட்கிறார்கள். பதில் வந்தபின்னும் அதே 3 நொடி தேவை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

குழுப் பேச்சுக்கு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் முறை உதவும்: முதலில் தனித்தனியே வாக்கு, பிறகு விவாதம், மறுபடி வாக்கு. சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேரிடம் இருக்கும்போது விவாதம் பலன் தரும். அதற்குக் கீழே என்றால் பாடத்தை மறுபடி நடத்துவதே மேல். முதல் வாக்கைத் தவிர்த்தால், குழுவில் உரக்கப் பேசுபவர் சொன்னதே முடிவாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும், தொடர்சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒரே அளவு, பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றல் என்பதை ஆசிரியர்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். விவாதம் அந்த வேறுபாட்டுக்கான தேவையை உண்டாக்கும். வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்துத் தராது.