வரப்பில்லாத எல்லை

சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவின் முட்டை ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் நீளம்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் இருபதை வரிசையாக அடுக்கிவிடலாம். கருவுற்ற முட்டை முதன்முறை பிரியும்போது சரிபாதியாகப் பிரிவதில்லை. முன்பக்கம் பெரிய செல், பின்பக்கம் சிறிய செல். அடுத்த தலைமுறைக்கான முட்டையும் விந்தும் அந்தச் சிறிய செல்லின் வழியில்தான் பிறக்கும். குறுக்கே சுவரே இல்லாத ஒரு செல்லுக்கு, முன் எது பின் எது என்று எப்படித் தெரிகிறது?

1988இல் கென்னத் கெம்ஃபியூஸும் உடன் உழைத்தவர்களும் இந்த முதல் பிரிவு கோணலாகிப்போகும் புழுக்களைத் தேடிப் பிடித்தார்கள். தாயின் மரபணு ஒன்று பழுதானால், அவள் இடும் முட்டைகளில் இந்தப் பங்கீடு குலைந்து கருக்கள் மடிந்தன. அந்த மரபணுக்களுக்குப் 'பார்' என்று பெயர்.

அவை உருவாக்கும் புரதங்கள் எங்கே நிற்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. தொடக்கத்தில் பார்-3, பார்-6 ஆகியவையும் அவற்றோடு சேர்ந்து நிற்கும் பிகேசி-3 என்ற புரதமும் செல்லின் ஓரம் முழுவதும் பரவியிருக்கும். ஓரத்துக்கு அடியில் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகளாலான வலையொன்று எல்லாப் பக்கமும் இறுகி இழுத்துக்கொண்டிருக்கும். விந்தணு கொண்டுவரும் சென்ட்ரோசோம், அதாவது செல்லின் நுண்குழல் இழைகளை ஒழுங்குபடுத்தும் உறுப்பு, எந்த முனையருகே வந்து நிற்கிறதோ, அங்கே வலை தளர்கிறது. மற்ற இடங்களில் இறுகியே இருக்கும் வலை எதிர்முனை நோக்கிச் சுருங்கும்போது பார்-3 கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. காலியான இடத்தில் பார்-2 வந்து ஒட்டிக்கொண்டு பார்-1ஐயும் சேர்த்துக்கொள்கிறது. அந்த முனை பின்பக்கம் ஆகிறது.

பிறகு இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அண்டவிடுவதில்லை. முன்பக்கத்து பிகேசி-3, எல்லை தாண்டி வரும் பார்-2 மீது பாஸ்பேட் என்ற வேதிக்குழுவை ஏற்றிக் கழற்றிவிடுகிறது. பின்பக்கத்து பார்-1, பார்-3க்கு அதையே செய்கிறது. புரதங்கள் ஓயாமல் கழன்றும் ஒட்டியும் கொண்டிருக்க, எல்லைக்கோடு மட்டும் நிற்கிறது. வரப்பே போடாத வயல் அது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். பி துகள்கள் என்று சில உருண்டைகள், ஆர்என்ஏவும் புரதமும் சேர்ந்தவை, முதலில் முட்டையெங்கும் சிதறிக் கிடக்கும். பிரிவதற்குள் பின்பக்கத்தில் மட்டும் இருக்கும். 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கிளிஃபர்ட் பிராங்வின், ஆந்தனி ஹைமன் குழுவினர் இவற்றை உற்றுப் பார்த்தபோது, அவை திடத் துகள்கள் அல்ல, எண்ணெய்த் துளிபோல ஒன்றோடொன்று கலந்து வழியும் திரவம் என்று தெரிந்தது. அவை ஒட்டுமொத்தமாகப் பின்னால் நகர்ந்து போவதில்லை. முன்பக்கத்தில் கரைகின்றன, பின்பக்கத்தில் பனித்துளிபோல் திரள்கின்றன. காரணம் மெக்ஸ்-5 என்ற இன்னொரு புரதம். பார்-1 தொட்டதும் அது வேகம் கூடிப் பின்பக்கத்தில் தங்காமல் போகிறது. முன்பக்கத்தில் மெதுவாகிச் சேர்கிறது. சேர்ந்த இடத்தில் ஆர்என்ஏவைத் தன்பால் பிடித்துக்கொள்வதால் துளிகள் அங்கே நிலைப்பதில்லை.

அடுத்து வரும் சில பிரிவுகளிலும் இந்தத் துளிகள் ஒரே ஒரு செல்லுக்கே போய்ச் சேர்கின்றன; கடைசியில் அந்தச் செல் இரண்டாகப் பிரிகிறது. முட்டை பொரிந்து வெளிவரும் புழுவின் 558 செல்களில் இனப்பெருக்கத்துக்கானவை இரண்டே இரண்டு. பி துகள்கள் இருப்பது அந்த இரண்டில்.