ஓட்டமும் பளுவும் உடலுக்குள் செய்யும் இருவேறு வேலைகள்

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முழுவேகத்தில் உழைக்கும்போது அவர்களுடைய உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்திக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, அந்த மூன்று வாரங்களில் சராசரியாக 3.3 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராகச் சரிந்தது. பிறகு சுமார் எட்டு வாரங்கள் தீவிரமாக ஓடிப் பயின்றதில், இழந்ததை மீட்டதோடு பழைய அளவையும் தாண்டினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோதுதான் இந்த ஆய்வின் உண்மையான கனம் புரிந்தது: முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது.

அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு என்ற இந்த அளவுகோல், நுரையீரல் தொடங்கித் தசைச் செல் வரை நீளும் ஒரு வழங்கல் பாதையின் மொத்தத் திறனைக் காட்டுகிறது. நீண்ட நேரம் ஓடுவது, நீந்துவது, மிதிவண்டி ஓட்டுவது போன்ற தாங்குதிறன் பயிற்சிகள் இந்தப் பாதையைத்தான் விரிவாக்குகின்றன. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் கூடுதலாக நிரம்பி, கூடுதலாக வெளியேற்றுகிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதயத்தின் இடது கீழறை கொள்ளளவில் பெரிதாகிறது. பயிற்சி பெற்றவர்களின் நாடித்துடிப்பு ஓய்வில் மெதுவாக இருப்பதற்கு, ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் கூடிவிட்டது ஒரு முக்கியக் காரணம்.

பாதையின் மறுமுனையில், தசை நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடர்த்தியாகின்றன. நார்களுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. 1967இல் ஜான் ஹாலசி என்ற ஆய்வாளர் எலிகளை ஓடுபொறியில் கடுமையாக ஓடவிட்டு, அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்பாடு ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் காட்டினார். பயிற்சியின் பலன் இதயத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பது அதன் பிறகே உறுதியாக நிலைபெற்றது. டாலஸ் ஐவரும் இதற்குச் சாட்சி. ஐம்பது வயதில் ஆறு மாதங்கள் பயிற்சி செய்து, இருபது வயதில் படுக்கைக்குப் போகும் முன் இருந்த ஆக்சிஜன் அளவை மீண்டும் எட்டினார்கள். ஆனால் இம்முறை இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் உச்ச அளவு கூடவில்லை. வரும் ரத்தத்திலிருந்து தசைகள் அதிக ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தன. ஒரே பயிற்சிக்கு ஒரே மனிதரின் உடல் வெவ்வேறு வயதில் வெவ்வேறு இடத்தில் பதில் சொல்கிறது.

வலிமைப் பயிற்சி கேட்பது வேறு. ஒரு கனமான எடையை எட்டுப் பத்து முறை தூக்கி இறக்கும்போது ஆக்சிஜன் வழங்கல் பெரிய தடையாக இருப்பதில்லை. அந்தக் கணத்தில் எத்தனை தசை நார்களை ஒருங்கே இயக்க முடிகிறது என்பதே கேள்வி. ஆகவே முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தால் வருகிறது. அதுவரை சும்மா கிடந்த நார்களை மூளை அழைக்கிறது, எதிர்த்து இழுக்கும் தசைகளைத் தளர விடுகிறது. கண்ணாடியில் தோள் பெரிதாகத் தெரிவதற்கு முன்பே எடை எளிதாகத் தூக்கப்படுவது இதனால்தான். அதன் பிறகே, தசை உணரும் இழுவிசை செல்லுக்குள் புரத உற்பத்தியைத் தூண்ட, நார்கள் தடிக்கின்றன.

இரண்டையும் ஒருவரே ஒரே காலத்தில் செய்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமா என்ற சந்தேகம் விளையாட்டு வீரர்களிடையே பழையது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் நடத்திய பத்து வார ஆய்வில், இரண்டையும் சேர்த்துக் கடுமையாகச் செய்தவர்களின் வலிமை ஏழெட்டு வாரங்கள் வரை ஏறிப் பின்னர் இறங்கத் தொடங்கியது. பளுதூக்கும் போட்டிக்குத் தயாராகிறவருக்கு இது கவலைக்குரிய செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் இரு பயிற்சிகளையும் உச்ச அளவில் செய்தவர்கள். நடக்கவே நேரம் ஒதுக்காதவர், இரண்டும் மோதிக்கொள்ளும் என்று அஞ்சி ஒன்றைத் தள்ளிப்போடுவதற்கு இதில் எந்த நியாயமும் இல்லை.

பயிற்சி யாருக்கு எவ்வளவு பயன் தரும் என்பது, அவருடைய உடலில் எது பற்றாக்குறையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதியவர்களிடம் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. நடுவயதிலிருந்து தசை மெல்ல மெல்லக் குறைகிறது. அதிலும், விரைந்து சுருங்கும் வகை நார்கள் அதிகம் மெலிகின்றன. தடுமாறும்போது காலைச் சட்டென்று முன்வைத்து விழாமல் தடுப்பவை அந்த நார்கள்தாம். அன்றாட நடை மட்டும் அவற்றைப் போதிய அளவு வேலைக்கு அழைப்பதில்லை.

மரியா ஃபியட்டரோன் தலைமையில் பாஸ்டன் நகரில் நடந்து, 1990இல் வெளிவந்த ஆய்வு மிகச் சிறியது; பங்கேற்றவர்கள் பத்துப் பேர், முடித்தவர்கள் ஒன்பது பேர். ஆனால் அவர்கள் அனைவரும் முதியோர் இல்லவாசிகள், சராசரி வயது 90. வாரம் மூன்று முறை, தங்களால் ஒரே ஒருமுறை தூக்க முடிகிற எடையின் 80 விழுக்காடு வரை அமரும் நிலையில் காலால் தூக்கினார்கள். எட்டு வாரங்களில் தொடைத் தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தசையின் குறுக்குவெட்டுப் பரப்போ சுமார் 9 விழுக்காடுதான் கூடியது. இந்த இரு எண்களுக்கும் இடையிலான இடைவெளி, நரம்பு மண்டலம் இந்த வயதிலும் எவ்வளவு கற்றுக்கொள்ளக்கூடியது என்பதைச் சொல்கிறது. ஊன்றுகோலோடு வந்தவர்களில் இருவர் அது இல்லாமல் நடந்தார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரங்களில், பெற்ற வலிமை 32 விழுக்காடு சரிந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

இதே முதுமையில் நடைக்கும் தனி மதிப்பு உண்டு. 70 முதல் 89 வயது வரையுள்ள 1635 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முக்கியமாக நடையும் துணையாக வலிமை, சமநிலைப் பயிற்சிகளும் செய்தவர்களில் 30.1 விழுக்காட்டினரும், உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 35.5 விழுக்காட்டினரும் 400 மீட்டர் நடக்கும் திறனை ஒருமுறையேனும் இழந்தனர். வித்தியாசம் பார்ப்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். நடமாட்டத்தை இழப்பது ஒரு முதியவரின் வாழ்வில் எத்தனை வாசல்களை அடைக்கும் என்று எண்ணினால் அது சிறிதல்ல.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் பற்றாக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தச் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும் பெரும் கிடங்கு தசை. இன்சுலின் சொல்லியும் அது சரிவரக் கேட்காததே நோயின் மையச் சிக்கல்களில் ஒன்று. தசை சுருங்கும்போது, குளுக்கோஸைக் கடத்தும் புரதங்கள் இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமலே செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. ஒரு முறை பயிற்சி செய்த பிறகு இன்சுலினுக்குத் தசை கூர்மையாகப் பதிலளிக்கும் நிலை ஒன்றிரண்டு நாட்கள் நீடிக்கிறது. ஆகவே இரு பயிற்சி நாட்களுக்கு இடையே நீண்ட இடைவெளி விடக்கூடாது. வலிமைப் பயிற்சி கிடங்கின் அளவையே பெரிதாக்குகிறது. இந்த இரு வழிகளும் ஒன்றோடொன்று கூடும் என்று எதிர்பார்க்கலாம். 2007இல் கனடாவிலும் 2010இல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகளில் தாங்குதிறன், வலிமைப் பயிற்சிகள் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடமே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அதிகம் குறைந்திருந்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு என்பதால், மருத்துவரிடம் பேசி அளவைச் சரிசெய்துகொள்வது அவசியம்.

எலும்புக்கு எடை தாங்கும் வேலைதான் தூண்டுகோல். நீச்சலோ மிதிவண்டியோ அந்தத் தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றுவதில்லை. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்குக் கனமான எடை தூக்கக் கற்றுக்கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், வாரம் இரண்டு முறை முப்பது நிமிடம் வீதம் எட்டு மாதங்களில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் மென்மையான பயிற்சி செய்தவர்களிடம் அது 1.2 விழுக்காடு குறைந்தது. தேர்ந்த பயிற்சியாளர் உடனிருந்து பார்த்தார்கள் என்பது இங்கே முக்கியமான நிபந்தனை.

இதய நோயாளிகளைப் பொறுத்தவரை வலிமைப் பயிற்சி மீதான அச்சத்துக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. மூச்சை அடக்கி மிகக் கனமான எடையைத் தள்ளும் வீரர்களின் ரத்த அழுத்தம் அந்த நொடிகளில் 300ஐத் தாண்டியது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. மிதமான எடையை, மூச்சைப் பிடிக்காமல், மேற்பார்வையில் தூக்கினால் அந்த ஏற்றம் வெகுவாகக் குறைகிறது. ஆகவே இன்றைய இதய மறுவாழ்வுத் திட்டங்கள் நடையோடு இதையும் சேர்க்கின்றன. குழந்தைகள் எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கோ ஆதாரம் கிடைக்கவில்லை. முறையாகக் கற்றுத்தந்தால் அவர்களும் வலிமை பெறுகிறார்கள், பெரும்பாலும் நரம்பின் வழியாக.

ஒரே வயது, ஒரே நிலை என்றாலும் பலன் ஒன்றாக இருக்காது. கிளோட் பூஷார்டும் அவருடைய குழுவினரும் பல குடும்பங்களைச் சேர்ந்த, உடலுழைப்பில்லாத சுமார் ஐந்நூறு பேருக்கு இருபது வாரங்கள் ஒரே அளவான மிதிவண்டிப் பயிற்சி கொடுத்தார்கள். அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சிலரிடம் ஏறக்குறைய எதுவும் கூடவில்லை, சிலரிடம் ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. ஒரே குடும்பத்தினரின் பதில்கள் ஒத்திருந்தன. வித்தியாசத்தில் பாதியளவுக்குக் குடும்பப் பின்னணி காரணம் என்று கணித்தார்கள். ஓர் அளவில் அசையாதவர் மற்ற அளவுகளிலும் அசையமாட்டார் என்று இதற்குப் பொருளில்லை: ஆக்சிஜன் பயன்பாடு கூடாத ஒருவருக்கு ரத்த அழுத்தமோ இன்சுலின் செயல்பாடோ சீராகலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையும், 65 வயதுக்கு மேல் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைத்தது.