நுழைவாயா, வெட்டுப்புள்ளியா?

மூளையில் எந்த இடம் இயங்குகிறது என்று காட்டும் எப்.எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் திரெஷோல்ட் என்ற சொல் வராமல் போகாது. ஆங்கிலத்தில் அது வெறும் வாசற்படிதான். அதன் முன்பாதி மிதித்தல் என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது. நெற்சூடு மிதிப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லுக்கும் அதே வேர்தான்.

இலங்கையில் எங்கள் உயர்தரப் பௌதிகவியலில் இதை நுழைவாய் என்று படித்தோம், ஒளிமின் விளைவில் வரும் நுழைவாய் மீடிறன்; உலோகத்திலிருந்து இலத்திரன் வெளியே வர ஒளிக்கு வேண்டிய ஆகக் குறைந்த மீடிறன். தமிழ்நாட்டில் பயன்தொடக்க அதிர்வெண் என்பார்கள். இரண்டும் அந்த இடத்துக்கு நல்ல சொற்கள். ஆனால் அங்கே படியைப் போட்டது உலோகம்; சோடியத்துக்கு ஒன்று, நாகத்துக்கு (துத்தநாகம்) இன்னொன்று, யார் அளந்தாலும் அதே விடை. மூளைப் படத்தில் படியைப் போடுகிறவர் ஆய்வாளர். நுழைவாய் என்று எழுதினால் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது, அதனால்தான் வெட்டுப்புள்ளி என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வெட்டுப்புள்ளி தெரியாத வீடு உண்டா? பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்கு யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு, முல்லைத்தீவுக்கு எவ்வளவு என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே இசட் புள்ளி (சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டும் எண்) எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று உள்ளே போகும், மற்றது வெளியே நிற்கும். பிள்ளைகள் எழுதியதில் வித்தியாசமில்லை, கோடுதான் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு.

மூளைப் படத்திலும் பெரும்பாலும் அதே இசட்தான். மூளையைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்து, இரத்தத்தில் ஒட்சிசன் மாறுவதை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு இசட் கணக்கிடுவார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தவற்றுக்கு மட்டும் சிவப்பு, மஞ்சள். கீழே உள்ளவை படத்தில் நிறமில்லாமல் கிடக்கும், அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல.

சரி, எவ்வளவில் வெட்டுவது? ஆயிரத்தில் ஒன்று தற்செயலாகத் தாண்டலாம் என்று விட்டால் கேட்க இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு லட்சம் கனசதுரம் இருந்தால் சும்மாவே நூறு தாண்டிவிடும். 2009இல் செத்த சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி அப்படித்தான் வெட்டினார்கள், மீனின் மூளையிலும் நிறம் வந்தது! இத்தனை கனசதுரங்களைச் சோதிக்கிறோம் என்பதற்கான திருத்தத்தைச் செய்ததும் அந்த நிறம் போய்விட்டது. அப்புறம் 2016இல், ஒட்டிக் கிடக்கும் கனசதுரங்களைக் கொத்தாக எண்ணும் முறையைச் சோதித்தார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் நிறம் காட்டும் பிழையை நூற்றில் ஐந்து தடவை மட்டுமே விட வேண்டிய அந்த முறை, இசட் 2.3 போன்ற தளர்ந்த வெட்டில் சில நேரம் 70 தடவை வரை பிழைவிட்டது. 3.1இல் நிலைமை எவ்வளவோ மேல்.

எனக்கு மிக முக்கியமாகப்படுவது 2020இல் வந்த ஆய்வு. 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து 9 கேள்விகள் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை, பல கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பிரிந்து நின்றார்கள். ஆனால் வெட்டுவதற்கு முந்திய படங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான குழுக்களின் படங்கள் ஒன்றுக்கொன்று நன்றாகவே ஒத்துப்போயின.

ஆகவே தமிழில் எழுதுகிறவர்கள் இலக்கத்தையும் சேர்த்து, "இசட் 3.1 வெட்டுப்புள்ளி, திருத்தம் செய்தது" என்று எழுதுங்கள். எதையும் ஒதுக்காத முழுப் படத்துக்கு நான் பாவிப்பது "வெட்டாத படம்". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்.