கடற்கரை அலுவலகத்துக்கு மெய்நிகர் மேசைக்கணினி: முதலில் இணைப்பை அளந்து பாருங்கள்

மண்டபம் அருகே கடலுணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், வாங்கி மூன்று ஆண்டுகளே ஆன கணினி ஒன்றைப் பழுது பார்க்கத் திறந்தேன். ராம் பலகையின் பொன்னிற முனைகள் கறுத்திருந்தன. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் திருகுகள் துருவேறி அசைய மறுத்தன. விசிறி இறகுகளில் உப்பும் தூசியும் பிசுபிசுப்பாக அப்பியிருந்தன. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவதையே நிறுத்த வைத்த காற்று இது. மேசைக்கடியில் இருக்கும் தகரப் பெட்டி அதற்கு எம்மாத்திரம்?

ஆகவே, "எல்லாவற்றையும் சர்வருக்கே கொண்டுபோய்விடலாமா, சார்?" என்று இராமநாதபுரம் கரையோர நிறுவனங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

மெய்நிகர் மேசைக்கணினி முறையில், ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் ஒரு பெரிய சர்வரின் திறனைப் பங்கிட்டு, ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி விண்டோஸ் கணினியை அதற்குள்ளேயே இயக்குகிறது. ஊழியர் நுழையும்போது அவர் யார் என்று சரிபார்த்து, அவருக்குரிய கணினியுடன் இணைத்துவிடுவது புரோக்கர் என்னும் இடைப்பகுதியின் வேலை. மேசையில் இருக்கும் தின் கிளையன்ட் என்னும் சிறு பெட்டி விசை அழுத்தங்களையும் மவுஸ் அசைவுகளையும் அனுப்பி, திரைக்காட்சியை மட்டும் பெற்றுக்கொள்கிறது. விசிறியே இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால் அது உப்புக்காற்றை உள்ளே இழுப்பதில்லை என்பதை நம் பகுதிக்கு ஒரு பெரிய அனுகூலமாகவே கருதுகிறேன்.

பராமரிப்பும் எளிதாகிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்னும் தீநிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; அதை நிறுவாத கணினிகள்தாம் பெருமளவில் சிக்கின. கோல்டன் இமேஜ் எனப்படும் ஒரே மூலப்படிவத்திலிருந்து எல்லாக் கணினிகளும் உருவாகும் அமைப்பில், திருத்தத்தை அந்த ஒன்றில் செய்தாலே போதும். ஆனால் அதில் பிழை நேர்ந்தால் அதுவும் எல்லோருக்கும் போய்விடும் என்பதால், முதலில் இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போது வட்டின்மேல் விழும் சுமையைத் தாங்க, சர்வரில் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் அவசியம்.

இத்தனை நன்மைகளும் ஒரே ஒரு கம்பியை நம்பியிருக்கின்றன. சர்வர் வெளியூரில் இருந்தால், தரவு போய்வரும் நேரம் 150 மில்லிவினாடியைத் தாண்டும்போது, தட்டச்சு செய்த எழுத்து திரையில் தாமதித்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேகம் அதிகமுள்ள இணைப்பை வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. தாமதம் வேறு, வேகம் வேறு.

ஓர் அலுவலகத்துக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு ஃபைபர் இணைப்புகள் வாங்கச் சொல்லிவிட்டு, இரண்டும் எந்த வழியாக வருகின்றன என்று கேட்கத் தவறினேன். வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு மின்கம்பம் சாய்ந்தது. இரண்டு கம்பிகளும் அந்த ஒரே கம்பத்தில்தான் வந்திருந்தன. உறைந்த இறால் ஏற்றிய வண்டி வாசலில் நிற்க, அதற்குரிய ஆவணத்தை அச்சிட வழியின்றி எல்லோரும் கறுத்த திரைகளின் முன் அமர்ந்திருந்த அந்தப் பிற்பகலை நான் மறக்கவில்லை. இப்போது கம்பி வரும் பாதையை நானே நடந்து பார்க்கிறேன். இரண்டாவது இணைப்பு செல்பேசிக் கோபுரம் வழியாக வர வேண்டும் என்கிறேன். அன்றைய ஏற்றுமதி ஆவணங்களின் பிரதியுடன் ஒரு மடிக்கணினியைத் தனியே வைக்கச் செய்கிறேன்.

வெளியிலிருந்து வேலை செய்ய வசதி வேண்டுமென்று தொலைவிலிருந்து விண்டோஸ் கணினிக்குள் நுழையும் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைக்க எவர் சொன்னாலும் உடன்படாதீர்கள். உள்ளே வருபவரை இடையில் நின்று சோதிக்கும் கேட்வேயும், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பும் இல்லாமல் அந்த வசதி வேண்டாம்.

ஐந்தாறு பேர் கணக்கு மென்பொருள் ஒன்றை மட்டும் பயன்படுத்தும் அலுவலகத்துக்கு இவ்வளவு பெரிய அமைப்பு தேவையில்லை. ஒரு சர்வரில் எல்லோரும் பகிர்ந்து நுழையும் முறையே போதும். அதைவிடப் பெரிய அலுவலகங்கள், விலைப்பட்டியல் கேட்பதற்கு முன், ஐப்பசி மழையில் ஒரு வாரம் முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை பிங் என்னும் சிறு சோதனைச் செய்தியை அனுப்பி, இணைப்பு அறுந்த நேரங்களையும் தாமதத்தையும் பதிவு செய்து வையுங்கள். நான் வரும்போது முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.