பிளக்ஸ் கட்டிய வேலி

ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். கோவையில் பாலக்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது தளத்தில் நின்று சாரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரை மொத்தமாகச் சரிந்தது போல ஒரு சத்தம். படியிறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், தெருவோரத் தற்காலிக வேலியில் எட்டு பேனல்கள் வரிசையாகத் தெருப்பக்கம் விழுந்து கிடந்தன. அவற்றின் அடியில் ஓர் இளநீர் வண்டி. வண்டிக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் அவரால் அரிவாள் பிடிக்க முடியவில்லை.

"நிழலுக்காகத்தான் கண்ணு அங்கே வண்டியைப் போட்டேன்" என்று மருத்துவமனையில் அவர் என்னிடம் சொன்னார்.

முந்தைய நாள் வரை அங்கே நிழலே கிடையாது. அது வெறும் கம்பி வலை வேலி. வெயிலும் காற்றும் தடையில்லாமல் புகுந்து போகும். வெள்ளிக்கிழமை மாலை விற்பனைப் பிரிவிலிருந்து நான்கு பேர் வந்து, வீடுகளின் படம் அச்சிட்ட நீளமான பிளக்ஸை எட்டு பேனலுக்கும் சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் மேற்கே வெயில் இறங்க இறங்க, தெருவில் குளிர்ச்சியாக நிழல் விழுந்தது. காற்றும் அதே மேற்கிலிருந்துதான் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றைப் பற்றிக் கொங்கு நாட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கும் என்று பழமொழி சொல்லும் காற்று அது.

சனிக்கிழமை காலை அந்த பேனரை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பாதுகாப்பு அலுவலராகப் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்த என் கண்ணுக்கு அன்று அது படமாகத்தான் பட்டது, பாயாகப் படவில்லை. தோணியில் கட்டுவார்களே, அந்தப் பாய். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

கணக்கைப் பார்ப்போம். வாடகைக்கு வரும் கம்பி வலை பேனல் பெரும்பாலும் மூன்றரை மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் இருக்கும். அதாவது 7 சதுர மீட்டர். வலையாக மட்டும் இருக்கும்போது காற்றில் பெரும்பகுதி கடந்து போய்விடும். அதன்மேல் பிளக்ஸைக் கட்டினால் அந்த 7 சதுர மீட்டரும் காற்றை எதிர்கொள்ளும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் ஒரு பேனலின் மீது ஏறத்தாழ 50 கிலோ விசை விழும். 60 கிலோமீட்டர் ஆனால் அது 120 கிலோவை நெருங்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பது காற்றின் குணம். இந்த விசை வேலியின் நடு உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டரில் தள்ளுவதாக வைத்துக்கொள்ளலாம்.

அதைத் தாங்க நாம் வைப்பது என்ன? பேனலுக்கு ஒரு காங்கிரீட் கட்டை. சுமார் 30 கிலோ. கட்டையின் நீளம் இரண்டடி என்றால், கவிழாமல் பிடிக்க அதற்குக் கிடைக்கும் தூரம் ஒரே அடி. 30 கிலோவை 0.3 மீட்டரால் பெருக்கினால் 9. பேனலின் சொந்த எடையையும் சேர்த்தால் 14 வரலாம். எதிரே நிற்பதோ 50 கிலோவை ஒரு மீட்டரால் பெருக்கி வரும் 50. அதுவும் 40 கிலோமீட்டர் காற்றுக்கே. சைக்கிளில் போகிறவர் சிரமப்பட்டு மிதிக்கும் காற்றுதான் அது. புயல் அல்ல.

அதே 30 கிலோ கட்டையை வேறு மாதிரி வைத்துப் பாருங்கள். பேனலின் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து உட்பக்கமாகச் சாய்வாக ஒரு முட்டு கொடுத்து, அதன் நுனியில், வேலியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கட்டையை வையுங்கள். இப்போது 30ஐ ஒன்றரையால் பெருக்க வேண்டும். 45. ஒரு கிலோகூடக் கூடுதல் எடை இல்லாமல், வைக்கும் இடத்தை மாற்றியதாலேயே ஐந்து மடங்கு பிடிப்பு. முட்டு எப்போதும் உட்பக்கம்தான் இருக்க வேண்டும். வெளியே கொடுத்தால் நடைபாதையில் போகிறவர்களின் கால் அதில் தட்டும். துணியோ தகரமோ பிளக்ஸோ கட்டிய ஒவ்வொரு பேனலுக்கும் முட்டு வேண்டும் என்பதை இப்போது நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெறும் வலை என்றால் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு.

வேலியின் மேல் மறைப்பாகக் கட்டும் பச்சை வலையைப் பற்றி ஒரு வார்த்தை. "அதில்தான் ஓட்டை இருக்கிறதே" என்பார்கள். நெருக்கமாக நெய்த வலை காற்றில் பாதிக்கு மேல் பிடித்துவிடும். மழையில் நனைந்து சிமென்ட் தூசு படிந்துவிட்டால் இன்னும் அதிகம்.

இனி இணைப்புகளுக்கு வருகிறேன். விழுந்த வேலியை அன்று மாலை நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டு பேனல்களுக்கும் இரு பக்கத்து பேனல்களுக்கும் இடையே ஒன்பது இணைப்புகள். பக்கக் குழாய்களைச் சேர்த்து போல்ட்டால் இறுக்கும் கிளாம்ப் மூன்றில்தான் இருந்தது. நான்கில் கட்டுக்கம்பி. இரண்டில் எதுவுமே இல்லை, குழாயும் குழாயும் ஒட்டிக்கொண்டு நின்றன, அவ்வளவுதான். கட்டுக்கம்பி சுற்றிய இடங்களில் கம்பி அறுந்திருக்கவில்லை. முறுக்கு பிரிந்திருந்தது. நாள் முழுதும் வேலி காற்றில் ஆட ஆட, முறுக்கு சிறிது சிறிதாக இளகிவிடும். கம்பி கட்டுகிறவர் கைமுறுக்கு எவ்வளவு பலமானாலும் அது காங்கிரீட்டுக்குள் புதையப்போகும் கம்பிகளுக்கான முறுக்கு. காங்கிரீட் இறுகியதும் அதன் வேலை முடிந்துவிடும். தினம் தினம் ஆடும் ஒன்றைப் பிடித்துக்கொள்ள அது பிறந்ததல்ல. அதோடு, வெட்டிவிட்ட கம்பி நுனி குழந்தைகளின் கண்ணுயரத்தில் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும்.

கிளாம்புகள் எங்கே போயின? வந்தபோது முழுமையாக வந்தவைதான். விசாரித்ததில் கிடைத்த விடை மிக எளிமையானது. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு, கலவை லாரி வாசல் வழியாகத் திரும்ப முடியாமல், நான்கு பேனல்களைக் கழற்றி வழி விட்டிருக்கிறார்கள். கழற்றிய கிளாம்புகளை ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தபோது விடிகாலை மூன்று மணி. பேனல்களைத் திரும்ப நிறுத்தியபோது கிளாம்ப் கைக்குக் கிடைக்கவில்லை, கட்டுக்கம்பி கிடைத்தது. மேஸ்திரி என்னிடம், "காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு முழுதும் காங்கிரீட் போட்ட மனிதரிடம், தொலைந்த கிளாம்பைத் தேடிக் கண்டுபிடி என்று சொல்லும் ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அதனால் இப்போது என் பொறுப்பில் உள்ள எல்லா இடங்களிலும் வாசலருகே பழைய பெயிண்ட் வாளி ஒன்று தொங்கும். அதில் எப்போதும் இருபது கிளாம்ப், அவற்றின் போல்ட் நட்டுகள். வாளியின் காதில் சங்கிலி போட்டு ஒரு ஸ்பேனர். கழற்றியவை வாளிக்குள் போக வேண்டும், மாட்டுபவை வாளியிலிருந்து வர வேண்டும். பேனலை யார் வேண்டுமானாலும் கழற்றலாம், ஆனால் காவலாளியிடம் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான். ஒவ்வொரு பேனலிலும் உட்பக்கமும் வெளிப்பக்கமும் பெயிண்டால் எண் எழுதியிருக்கிறோம். இதற்கு ஆன செலவு ஒரு டப்பா பெயிண்ட். தொழிலாளர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். மொழி புரியாவிட்டாலும் எண் புரிகிறது.

ஓர் இணைப்புக்கு இரண்டு கிளாம்ப். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே மட்டும் போட்டால், அடிப்பக்கத்தைத் தூக்கி விலக்கி நாயும் நுழையும், பந்தைத் தேடி வரும் பையனும் நுழைவான். உள்ளே அஸ்திவாரக் குழி இருக்கிறது. நட்டு உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும், தெருவிலிருந்து யாரும் கழற்ற முடியாதபடி. இறுக்கிய பிறகு பேனலைக் கையால் பிடித்து உலுக்கிப் பாருங்கள். ஒன்றை உலுக்கினால் பக்கத்துப் பேனலும் சேர்ந்து அசைய வேண்டும். அது மட்டும் தனியாகக் கடகடவென்றால் இணைப்பு இல்லை என்று பொருள்.

நேர்கோட்டில் நீளமாகப் போகும் வேலிதான் எளிதில் விழும். மடக்குத் தட்டி தனியே நிற்பது அதன் மடிப்பால். நீட்டிப் பிரித்துவிட்டால் அது நிற்காது. வேலிக்கும் இது பொருந்தும். இடம் இருந்தால் சில பேனல்களுக்கு ஒருமுறை ஒரு பேனலை உட்பக்கமாகத் திருப்பிக் கிளாம்ப் போட்டுவிடுங்கள். வரிசையின் கடைசி பேனலைத் தொங்கலில் விடாதீர்கள். காற்று முதலில் பிடிப்பது அந்த நுனியைத்தான். அங்கிருந்துதான் வரிசை உரியத் தொடங்குகிறது.

தரையையும் கவனிக்க வேண்டும். புதிதாக மண் நிரப்பிய இடத்தில் கட்டை வைத்தால் முதல் மழையிலேயே ஒரு பக்கம் இறங்கிவிடும். பள்ளத்தின் விளிம்பில் வைத்தால் விளிம்போடு சேர்ந்து கட்டையும் போகும். சாய்வான தெருவில் பேனலின் அடியில் உண்டாகும் இடைவெளியைக் கல்லை அடுக்கி அடைக்காமல், அளவாக வெட்டிய வலையைக் கட்டி மூடுங்கள்.

நம் ஊரில் கம்பி வலையைவிட அதிகம் காண்பது தகரத் தடுப்புதான். ஆங்கிள் சட்டத்தில் தகரம் அடித்து, பக்கவாட்டில் போல்ட் போட்டு இணைப்பது. இது பிறக்கும்போதே பாய். தூசைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் கொண்டுவந்த விதி, காற்றுத் தடுப்பு கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. விதி நல்லது. சுற்றியிருக்கும் வீடுகளின் நுரையீரலுக்காக வந்த விதி. ஆனால் 6 மீட்டர், 10 மீட்டர் உயரத்தில் தகரம் நிறுத்துவது வேலி போடும் வேலை அல்ல. அதற்கு அஸ்திவாரம் வேண்டும், ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு வேண்டும். காற்றுவிசைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின்படி கணக்குக்கு எடுக்க வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர் (மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர்), சென்னைக்கு 50 மீட்டர் (180 கிலோமீட்டர்). 2 மீட்டர் தடுப்பின் மேல் இன்னொரு 2 மீட்டர் தகரத்தை வெல்டிங் வைத்து ஏற்றி, கீழே மணல் மூட்டை போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு கலங்குகிறது.

தகரத்தில் இன்னோர் ஆபத்து மின்சாரம். இரவு விளக்குக்கான ஒயரைத் தடுப்பின் மேல் விளிம்பிலேயே ஓட்டிவிடுகிறார்கள். வெட்டிய தகர விளிம்பு கத்தி. காற்றில் ஒயர் உரசி உரசி மேலுறை கிழிந்தால், போல்ட் போட்டு இணைத்த அத்தனை தடுப்புகளிலும் மின்சாரம் ஏறிவிடும். மழைநாளில் ஈரக் கையோடு யாரோ ஒருவர் ஐம்பது மீட்டர் தள்ளி அதைத் தொடுவார். ஒயரைத் தடுப்பில் கட்டாதீர்கள். தனிக் கம்பம் நட்டு, குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். விளக்குச் சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணையும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். தடுப்புக்கு எர்த் கொடுக்க வேண்டும்.

தெருமுனையில் தகரம் வேண்டாம். முனையிலிருந்து முதல் சில மீட்டருக்குக் கம்பி வலையையே வையுங்கள், அதில் எதையும் கட்டாதீர்கள். தகரத்துக்குப் பின்னாலிருந்து வரும் இருசக்கர வாகனத்தை லாரி ஓட்டுநரால் பார்க்க முடியாது.

பராமரிப்பு என்று தனியாகப் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. காலையில் வேலை தொடங்கும் முன் வேலியை ஒட்டி ஒரு நடை. வாரம் ஒருமுறை ஸ்பேனரோடு ஒரு நடை, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்து. லாரிகள் போகும் சாலையில் அதிர்விலேயே நட்டு இளகும். காற்றடித்த நாளின் மறுகாலை, புயல் எச்சரிக்கை வந்த அன்றே மாலை, மீண்டும் ஒரு நடை. எச்சரிக்கை வந்தால் முதல் வேலை பிளக்ஸையும் பச்சை வலையையும் அறுத்து இறக்குவது. அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்று எங்கள் நிறுவனத்தில் எழுத்திலேயே வாங்கி வைத்திருக்கிறேன். வளைந்த பேனலை நிமிர்த்தி மறுபடி நிறுத்தாதீர்கள். வெல்டிங் விட்ட வலைக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டால் அந்த பேனலையே மாற்றுங்கள். சிமென்ட் நீர் தேங்கும் இடங்களில் தகரத்தின் அடிப்பக்கம் ஓராண்டுக்குள் துருப்பிடித்துப் பொடியாவதைக் காணலாம். பெயிண்ட் அடித்து மறைத்தால் அது தாங்காது.

வெளிப்பக்கம் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறோம்: "வேலி சாய்ந்தாலோ ஆடினாலோ எண்ணைப் பார்த்து அழையுங்கள்" என்று, கீழே என் கைபேசி எண்.

இளநீர்க்காரர் ஏழாவது வாரம் திரும்பி வந்தார். வேலியிலிருந்து தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கம், நான்கு சவுக்குக் கால் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்து அவருக்கு ஒரு பந்தல் போட்டுக்கொடுத்திருந்தோம். ஆவணி கடைசியில் ஒரு மாலை கைபேசி ஒலித்தது. "கண்ணு, பதினேழாம் நம்பர் ஆடுகிறது" என்றார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். மேல் கிளாம்பின் நட்டு விரலால் சுழற்றும் அளவுக்கு இளகியிருந்தது. நான் இறுக்கி முடிக்கும் வரை அவர் பந்தலுக்கு வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.