அரித்மியா: 'சீரற்ற துடிப்பு' என்றால் போதுமா?

"நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு தம்பி. டாக்டர் அரித்மியாங்கிறாரு, அப்படின்னா என்ன?" காரைக்குடி ஆச்சி ஒருவர் இப்படிக் கேட்டால், 'சீரற்ற இதயத் துடிப்பு' என்று நாளிதழ்த் தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிதான் சரி.

கிரேக்கத்தில் 'ருத்மோஸ்' என்றால் தாளம். முன்னால் நிற்கும் 'அ', நம் 'அநீதி'யில் இருப்பது போன்ற இன்மை. நேர்ப்பொருள் தாளமின்மை. நோயோ அப்படியே அமைவதில்லை. எஸ்.வி.டி. எனும், இதயத்தின் மேற்பகுதியில் கிளம்பும் மிகைவேகத் துடிப்பில் நிமிடத்துக்கு 150-க்கு மேல் ஓடினாலும் தாளம் அச்சுப் பிசகாது, வேகம்தான் கெட்டிருக்கும். உண்மையிலேயே தாறுமாறாக அடிப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறை நடுக்கம். அதில் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்குத்தான் உறைதல் தடுப்பு மாத்திரை. அது வார்ஃபரின் என்றால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலும் 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், ஆனாலும் கீரையை விட வேண்டாம். ஒரு வாரம் தினமும், மறுவாரம் அறவே இல்லை என்று மாற்றினால் அளவு ஆடும்.

வேகம், மந்தம், ஒழுங்கின்மை மூன்றையும் தாங்குவது 'துடிப்புப் பிறழ்வு'. துடி என்பது இடை சுருங்கிய பறைக்கும் பெயர் என்பதால் தாளமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மிருதங்க மேதை மணி பிறந்த காரைக்குடியில் 'லயப் பிறழ்வு' என்றாலும் புரியும்.

இன்னொரு சொல் இதைவிடக் குழப்புகிறது: 'ஹார்ட் பிளாக்'. இது இரத்தக்குழாய் அடைப்பு அல்ல. மேலறையிலிருந்து கீழறைக்கு வரும் மின்சைகை தடைபடுவது. முற்றிலும் நின்றால் துடிப்பு 40-க்கும் கீழே இறங்கலாம், கண் இருட்டும். அதற்கு இரத்தக்குழாயை விரிக்கும் ஸ்டென்ட் உதவாது, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவிதான். 'மின்சைகைத் தடை' என்று சொன்னால் வீட்டார் 'அடைப்பை எப்போது நீக்குவீர்கள்' என்று கேட்க மாட்டார்கள்.

துடிப்பை வீட்டிலேயே பார்க்க, கட்டைவிரல் அடியில், மணிக்கட்டில் இரு விரல் வைத்து நாடியை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தாறுமாறான துடிப்பில் கணக்குத் தப்பும். ஓய்வில் 60–100 இயல்பு.

வழக்கமான இ.சி.ஜி. பதிவது ஏறக்குறைய 10 விநாடிதான். படபடப்பு அடங்கியபின் போனால் தாள் சுத்தமாக வரும், "ஒண்ணுமில்ல ஆச்சி" என்று அனுப்பிவிடுவார்கள். படபடக்கும்போதே எடுக்க வேண்டும். முடியாவிட்டால் 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவி கேளுங்கள். கூடவே மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.